‘இடம் நான் பாத்துக்கறேன் சார்’: பாண்டி, கடலூர் பக்கம் படகு கட்டுபவர்கள் கவனத்துக்கு

பாண்டி, கடலூர் பக்கம் சொந்தமாகச் சின்னப் படகு வைத்திருப்பவர்களும், ஒன்று வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 2024-இல் நானும் மச்சானும் ஏமாந்த கதை இது. வெட்கத்தில் வெளியே சொல்லாமல் இருந்தேன். அதே ஆள் இப்போது வேறொரு கரையில் அதே வசனத்தோடு ஆள் பிடிக்கிறார் என்று மச்சான் போன வாரம் சொன்னான். புகார் நிலுவையில் இருப்பதால் அவர் பெயரைப் போடவில்லை. வசனத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் (ஜெட்டி என்பது படகு கட்டும் துறை): “ஜெட்டியில இடம் நான் பாத்துக்கறேன் சார், நீங்க நிம்மதியா போய்ட்டு வாங்க.”

எங்களுடையது 18 அடி ஃபைபர் படகு, பின்னால் 25 குதிரைத்திறன் அவுட்போர்டு என்ஜின். தொழிலுக்கு இல்லை, ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடத்தான். கொடுவா கிடைத்தால் அன்று வீட்டில் குழம்பு. கிடைக்காவிட்டால் வரும் வழியில் காசு கொடுத்து வாங்கி, நாங்களே பிடித்ததாகச் சொல்லிவிடுவோம். எனக்குச் சென்னையில் வேலை, மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் ஊருக்கு வருவேன். மச்சான் நெய்வேலியில் ஷிஃப்ட் பார்ப்பவன். ஆக, வாரத்தில் ஆறு நாள் படகைப் பார்க்க ஆளில்லை.

படகை எங்கே கட்டுவது என்பதுதான் முதல் தலைவலி. வம்பாகீரப்பாளையம் பக்கம் பாண்டி மெரினா என்று சொல்கிறோமே, அது மணலும் தின்பண்டக் கடைகளுமான இடம். தேங்காய்த்திட்டில் இருப்பது மீன்பிடித் துறைமுகம், அங்கே தொழில் படகுகளுக்கே நெருக்கடி. எங்களைப் போன்றவர்களுக்கு ஆற்றங்கரைதான் கதி. சுண்ணாம்பாற்றில் ஒரு சின்னத் துறையைப் பார்த்தோம். (நோணாங்குப்பத்தில் இருக்கும் அரசு படகு இல்லத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) பத்துப் பன்னிரண்டு படகு, நாலைந்து கம்பம், ஒரு பூவரச மரம். அங்கேதான் அவர் வந்து பேசினார். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன்.

முன்பணம் 15,000, மாதம் 2,500. அதற்குள் இடம், காவல், மழை பெய்தால் தண்ணீர் இறைப்பது, வாரம் ஒருமுறை என்ஜினை ஓட்டிப் பார்ப்பது எல்லாம் அடக்கம் என்றார். புதுக் கயிறுக்கும் டயருக்கும் தனியாக 4,000. ரசீது கேட்டேன். “நம்ம ஆத்துல ரசீதெல்லாம் யாரு சார் குடுக்கறா” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பக்கத்துப் படகில் ஒரு பெரியவர் வலை சிக்கெடுத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை பேசவேண்டும் என்று தோன்றவே இல்லை. இந்தக் கதையில் நான் செய்த பெரிய தப்பு அதுதான், ரசீது எல்லாம் அப்புறம்.

முதல் மாதம் எல்லாம் சரியாகவே இருந்தது. ஆகஸ்டிலிருந்து சின்னச் சின்னதாகக் கண்ணில் பட்டது. 24 லிட்டர் டாங்க்கைப் பாதி வைத்துவிட்டுப் போனால் திரும்பி வரும்போது அடியில் கிடக்கும். வாராவாரம் என்ஜின் ஓட்டுகிறேனே சார் என்பார். என்ஜின் ஓடும்போது பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சும், குளிர்விக்கும் தண்ணீர் சுற்றிவருகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். முன்பு பென்சில் கனத்துக்கு வந்த தண்ணீர் நூல் மாதிரி வந்தது. புரொப்பல்லரைத் தூக்கிப் பார்த்தேன், மூன்று இறக்கையின் ஓரமும் எலி கடித்த மாதிரி. முகத்துவாரத்து மணல் திட்டில் உரசினால்தான் இப்படி ஆகும். மணலோடு உறிஞ்சிய தண்ணீர், குளிர்விக்கும் தண்ணீரை உள்ளே தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரையும் தின்றுவிடும். நாங்கள் அந்தப் பக்கம் போனதே இல்லை.

அப்புறம் அந்தச் செருப்பு. செப்டம்பர் கடைசியில் முன்பலகைக்கு அடியில் கையை விட்டுத் தூண்டில் பெட்டியை இழுத்தேன், கூடவே வந்தது. நாலு வயதுக் குழந்தை போடுகிற சிவப்பு ரப்பர் செருப்பு, ஒற்றைக் கால். பட்டையில் மஞ்சள் பட்டாம்பூச்சி. “பசங்க யாராச்சும் வெளையாட ஏறியிருப்பாங்க சார்.” சரி என்று விட்டுவிட்டேன். படகில் உயிர்காப்பு உடை இருந்தது மொத்தம் இரண்டு, இரண்டுமே பெரியவர்கள் அளவு.

நவம்பர் கடைசி வாரம். புயல் வரப்போகிறது, கடலுக்குப் போகாதீர்கள் என்று அறிவித்துவிட்டார்கள். 28-ஆம் தேதி மாலை அவரே போன் செய்தார். ஆற்றில் விடக்கூடாது, கரையேற்றிவிடலாம், ஆள் கூலியும் டிராக்டரும் சேர்த்து 3,000. ஜிபேயில் உடனே அனுப்பினேன். அரை மணி நேரத்தில் படம் வந்தது. மரத்தடி மேட்டில் எங்கள் படகு, அடியில் மணல் மூட்டை. வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். அந்த வாரம் பாண்டியில் சூரியனைப் பார்த்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். படத்தில் படகின் நிழல் மணலில் கோடு கிழித்த மாதிரி விழுந்திருந்தது. அது என் கண்ணில் படவில்லை. ஜூலையில் பெயின்ட் அடிக்கக் கரையேற்றியபோது எடுத்த படம் என்று பிறகு மச்சான்தான் கண்டுபிடித்தான்.

ஃபெஞ்சல் புயல் 30-ஆம் தேதி சனிக்கிழமை இரவு பாண்டிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 46 சென்டிமீட்டர் என்றால் 460 லிட்டர். எங்கள் படகின் திறந்த பகுதி ஆறரை சதுர மீட்டர் வரும். மூவாயிரம் லிட்டர், அதாவது மூன்று டன் தண்ணீர் படகுக்குள். கரையில் இருந்தால் அடியிலிருக்கும் திருகு மூடியைக் கழற்றிவிட்டால் போதும், பெய்யப் பெய்ய வடிந்துவிடும். தண்ணீரில் மிதக்கும்போது அந்த மூடியைக் கழற்ற முடியாது, ஆள் நின்று இறைத்தாக வேண்டும்.

அவர் போன் சனிக்கிழமை காலையிலிருந்தே அணைந்திருந்தது. திண்டிவனம், விழுப்புரம் பக்கம் வெள்ளம், ஊருக்கு வந்து சேரச் செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டது. துறையில் மற்றப் படகுகள் எல்லாம் மேட்டில் வரிசையாக இருந்தன. எங்களுடையது மட்டும் ஆற்றில். என்ஜின் கனத்தில் பின்பக்கம் முழுக்க உள்ளே போய், அணியம், அதாவது முன்முனை, மட்டும் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஃபோம் அடைத்திருப்பதால் அடியோடு போகவில்லை, அவ்வளவுதான். என்ஜின் மேல்மூடியில் ஆகாயத்தாமரை சுற்றியிருந்தது. 4,000 வாங்கிக்கொண்டு கட்டிய ‘புதுக் கயிறு’ பழைய வலைக் கயிறு, மூன்று இடத்தில் முடிச்சு.

பெரியவரிடம் கோபமாகத்தான் போனேன். இத்தனை பேர் இருந்தும் ஒருத்தர்கூட இழுத்து விடவில்லையே என்று. அவர் நிதானமாகச் சொன்னார்: “இழுக்கலாம்னுதான் தம்பி வந்தோம். பன்னெண்டு பேர் இருந்தோம். ஓனர் தொடவேணாம்னு சொல்லியிருக்காரு, கீறல் விழுந்தா நீங்கதான் பணம் கட்டணும்னு அந்தாள் சொன்னான். அப்புறம் எவன் கைய வெப்பான்?”

அதோடு நிற்கவில்லை. “ஒங்க படகு பண்ற அட்டூழியத்துக்கு, இழுக்கலேன்னாலும் பாவமில்லன்னு பசங்க சொன்னானுங்க.”

எங்கள் படகு என்ன செய்தது? நாங்கள் இல்லாத நாளெல்லாம் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிக்கொண்டு பாரடைஸ் பீச் பக்கம் ஓடியிருக்கிறது, தலைக்கு 300 ரூபாய். கட்டியிருக்கும் படகுகளை ஒட்டி முழு வேகத்தில் போனால் எழும் அலையில் எல்லாப் படகும் ஒன்றோடொன்று மோதும். மோதியிருக்கிறது. மிதவை போட்ட வலைக்குப் பின்பக்கமாகச் சுற்றிப் போகாமல் மேலேயே ஓட்டி அந்தப் பெரியவரின் பேரனுடைய வலையை இரண்டு இடத்தில் அறுத்திருக்கிறது. செருப்புக் காலோடு அடுத்த படகின் அணியத்தில் ஏறிக் குதித்திருக்கிறார்கள் வந்தவர்கள். சந்தனம் குங்குமம் வைக்கிற இடம் அது. கேட்டபோதெல்லாம் ஒரே பதில்: “ஓனர் சொல்லித்தான் ஓட்டறேன். சென்னையில பெரிய ஆளு.” இன்னொன்றும் தெரிந்தது, எங்களுக்கு விற்ற ‘இடம்’ அந்தப் பெரியவருடைய மருமகனின் இடம். மருமகன் படகு பழுதுக்காகக் கரையில் ஏறியிருந்த நேரம் பார்த்து எங்களிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார் அந்த ஆள். திரும்பி வந்த மருமகன் சண்டைக்கு வரவில்லை. டயரைப் போட்டு எங்கள் படகோடு சேர்த்து அவர் படகைக் கட்டிக்கொண்டார். நான் அதைப் பார்த்துவிட்டு, யாரோ நம் படகில் கட்டியிருக்கிறானே என்று அந்த ஆளிடமே புகார் சொல்லியிருக்கிறேன்!

பணம் போனதுகூடப் பரவாயில்லை. நாலு மாதமாக அந்த ஆற்றில் மரியாதை கெட்ட படகு எது என்று கேட்டால் எங்கள் படகைத்தான் காட்டியிருப்பார்கள். பக்கவாட்டில் எழுதியிருக்கும் பதிவு எண் என் பெயரில் இருக்கிறது. காசு வாங்கிப் பயணிகளை ஏற்றத் தனி அனுமதி வேண்டும். அந்தச் சிவப்புச் செருப்புக் குழந்தைக்கு முகத்துவாரத்தில் ஏதாவது ஆகியிருந்தால் போலீஸ் முதலில் என் வீட்டுக்குத்தான் வந்திருக்கும். இதை எழுதும்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

அறுந்த வலைக்கு 6,000 கொடுத்தோம். வேண்டாம் என்றார்கள், வற்புறுத்திக் கொடுத்தோம். மறுநாள் அதே பசங்கள்தான் தண்ணீரை இறைத்துப் படகைத் தூக்கினார்கள். மூழ்கிய என்ஜினைச் சில மணி நேரத்துக்குள் எடுத்து, பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, நல்ல தண்ணீரில் அலசி எண்ணெய் விட்டால் பிழைக்கும். எங்களுடையது மூன்று நாள் ஊறியது. பேரிங் துருப் பிடித்திருந்தது. மெக்கானிக் பில் 42,000.

இடம் மாற்றி மறுபடி கட்டும்போது பெரியவர் ஒரு விஷயம் காட்டினார். ஒரே கம்பத்தில் இரண்டு படகு கட்டும்போது என் கண்ணியை (கயிற்று முனையில் இருக்கும் வளையம்) மற்றப் படகுக்காரர் கண்ணிக்கு மேலே சும்மா மாட்டிவிடுவேன். விடியற்காலை தொழிலுக்குப் போகிறவர் என் கயிற்றைக் கழற்றிவிட்டுத்தான் தன் கயிற்றை எடுக்கவேண்டும். அவசரத்தில் திரும்ப மாட்ட மறந்தால் என் படகு ஆற்றோடு போகும். அவர் கண்ணிக்குள் கீழிருந்து என் கண்ணியை நுழைத்து, அப்புறம் கம்பத்தில் மாட்டவேண்டுமாம். அப்போது யார் கயிறு கீழே இருந்தாலும் யார் முதலில் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம். படகு வாங்கி ஒன்றரை வருடம், இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

இப்போது நாங்கள் செய்வது: கிளம்பும்போது என்ஜினின் கில் சுவிட்ச் கிளிப்பும் (அது இல்லாமல் என்ஜின் ஓடாது) பெட்ரோல் டாங்க்கும் வீட்டுக்கு வந்துவிடும். புயல் என்றால் படமெல்லாம் வேண்டாம், வீடியோ கால். பக்கத்துப் படகுக்காரர்கள் மூன்று பேர் நம்பர் என்னிடம், என் நம்பர் அவர்களிடம். பணம் எதுவானாலும் ஜிபேயில், எதற்கு என்று குறிப்பெழுதி.

அன்றைக்கு ஜிபேயில் அனுப்பியதுதான் பிறகு கை கொடுத்தது. போலீஸ் ஸ்டேஷனில் முதல் கேள்வியே “ரசீது இருக்கா?” என்பதுதான். ஜிபே கணக்கையும் வாட்ஸாப் படத்தையும் காட்டியபிறகுதான் மனுவை வாங்கினார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினோம், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போட்டோம். சேவைக்காகக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட்டுவிடவேண்டும். ஜூலையில் எடுத்த படத்தையும் நவம்பரில் அனுப்பிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருக்கிறோம்.

மனு போன பிறகு ஒருநாள் அவர் வீட்டுக்கே வந்தார். பத்தாயிரம் தருகிறேன், முடித்துக்கொள்ளலாம் சார் என்றார். மச்சான் உள்ளே போய் அந்தச் செருப்பை எடுத்துவந்து மேசைமேல் வைத்தான். இது யாருது என்று கேட்டான். தெரியாது என்றுவிட்டுக் கிளம்பிப் போனவர்தான், இப்போது வேறு கரையில் நிற்கிறாராம்.