ஷியா பட்டர்: ரீஃபைண்டுக்கே என் ஓட்டு

செக்கெண்ணெய்க்கு மாறிய வீடுகளில் ‘ரீஃபைண்ட்’ என்பது கிட்டத்தட்ட கெட்ட வார்த்தை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் தோலுக்கும் முடிக்கும் தடவும் ஆப்பிரிக்கக் கொட்டைக் கொழுப்பான ஷியா பட்டர் விஷயத்தில் நான் எதிர்ப்பக்கம் நிற்கிறேன். மஞ்சளாக வரும் அன்ரீஃபைண்ட், வெள்ளையாக வரும் ரீஃபைண்ட் இரண்டையும் குதிகால் வெடிப்புக்கும், ஏசியில் உலர்ந்துபோகும் கைக்கும், தலைமுடிக்கும் தடவிப் பார்த்துவிட்டு, இப்போது தீர்ந்தால் மறுபடி வாங்குவது ரீஃபைண்ட்தான்.

முதலில் பொருளைப் பற்றிக் கொஞ்சம். ஷியா மரம் சகாராவுக்குத் தெற்கே, மேற்கில் செனகல் தொடங்கிக் கிழக்கில் உகாண்டா வரை நீளும் வறண்ட புல்வெளிப் பட்டையில் தானாக வளர்வது. நட்டு வளர்த்தால் காய்க்கப் பதினைந்து, இருபது வருடம்கூட ஆகும் என்பதால் தோப்பு போடுபவர்கள் குறைவு. உழவர்கள் காட்டைத் திருத்தி நிலமாக்கும்போது இந்த மரத்தை மட்டும் வெட்டாமல் விட்டுவிடுவார்கள். நம் இலுப்பை, சப்போட்டா, மகிழம் எல்லாம் இதன் குடும்பம்தான். இலுப்பை எண்ணெய் குளிரில் உறைவதைப் பார்த்தவர்களுக்கு ஷியா அவ்வளவு அந்நியமாகத் தெரியாது.

கானாவின் வடக்கிலும் புர்கினா ஃபாசோவிலும் இந்த வேலை பெண்களுடையது. மழைக்காலத்தில் உதிரும் பழங்களைப் பொறுக்கி, கொட்டையை வேகவைத்து, வெயிலில் உலர்த்தி, ஓட்டை உடைத்துப் பருப்பை எடுக்கிறார்கள். பருப்பை வறுத்து அரைத்து, அந்த விழுதில் தண்ணீர் விட்டுக் கையால் அடித்துப் பிசைந்தால் கொழுப்பு நுரைத்து மேலே திரளும். அதை அள்ளிக் கழுவி, காய்ச்சி, வடிகட்டினால் அன்ரீஃபைண்ட் ஷியா. வறுத்ததால் வரும் லேசான புகைமணமும் கொட்டை மணமும் அதில் அப்படியே இருக்கும்.

ரீஃபைண்ட் ஆலையில் தயாராவது. அமிலத்தை நீக்கி, நிறத்தை உறிஞ்சும் களிமண்ணில் வடித்து, கடைசியில் வெற்றிடத்தில் 200 டிகிரிக்கும் மேலான சூட்டில் நீராவி பாய்ச்சி மணத்தை எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வெள்ளையான, மணமில்லாத கொழுப்பு. நிறமும் மணமும் பிடிப்பது அவரவர் விருப்பம். சிலருக்கு அந்தப் புகைமணம் பிடிக்கும், சிலருக்குக் குமட்டும்.

சரி, சத்து? அன்ரீஃபைண்ட் கட்சிக்காரர்களின் பெரிய ஆயுதம் இதுதான், அதில் உண்மையும் இருக்கிறது. காரம் சேர்த்தாலும் சோப்பாக மாறாத பகுதி என்று ஒன்று எல்லா எண்ணெயிலும் உண்டு. நாம் புழங்கும் பெரும்பாலான எண்ணெய்களில் அது நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கும், ஷியாவில் அதைப்போலப் பல மடங்கு. சருமத்தின் எரிச்சலைத் தணிப்பதாகச் சொல்லப்படும் ட்ரைடெர்பீன்கள் என்ற தாவரச் சேர்மங்கள், வைட்டமின் ஈ எல்லாம் அந்தப் பகுதியில்தான். சுத்திகரித்தால் இவை குறையும், ஆனால் துடைத்தெடுத்ததுபோல் காணாமல் போவதில்லை. ஷியாவின் பெரும்பகுதியான ஸ்டியரிக், ஒலியிக் கொழுப்பு அமிலங்கள் இரண்டு வகையிலும் ஒன்றுதான். தோலின் ஈரம் ஆவியாகாமல் மூடி வைக்கிற வேலையைச் செய்வது இந்தக் கொழுப்பு. ஒரு காலில் இதையும் மறுகாலில் அதையும் தடவிப் பார்த்ததில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. (ஷியாவில் உள்ள சின்னமேட்டுகள் என்ற சேர்மங்கள் புற ஊதாக் கதிரைக் கொஞ்சம் உறிஞ்சும் என்பது சரி. அதை நம்பி சன்ஸ்கிரீனை ஓரம் கட்டிவிடாதீர்கள்.)

என் முடிவைத் தீர்மானித்தது வேறு ஒன்று. அது எவ்வளவு பழைய சரக்கு என்ற கேள்வி.

செக்கெண்ணெய் ஏன் நல்லது என்கிறோம்? செக்கு நம் தெருவிலேயே இருக்கிறது, போட்ட கடலை கண் முன்னால் இருக்கிறது, ஆட்டியது நேற்று, ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். ஷியாவில் இந்த நாலில் ஒன்றுகூட நம் கையில் இல்லை. பழம் உதிர்ந்தபின் கொட்டையைச் சீக்கிரம் வேகவைக்காமல் ஈரத்தில் போட்டு வைத்தால், அதிலுள்ள நொதிகள் கொழுப்பை உடைத்து அமிலத்தைக் கூட்டிவிடும், பூஞ்சையும் பிடிக்கும். அந்தக் குறை எல்லாம் பட்டரிலேயே தங்கிவிடும், ஏனென்றால் அன்ரீஃபைண்டில் அதை நீக்க எந்தப் படியும் கிடையாது. அப்புறம் கப்பல், இறக்குமதியாளர் கிடங்கு, பெரிய டின்னிலிருந்து சின்ன டப்பாவுக்கு மாற்றும் கடை, கடைசியில் நம் வீடு. டப்பாவில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் பேக் செய்த தேதி. அதை வைத்துப் பிழிந்த வருடத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

உட்பொருள் பட்டியலும் உதவாது. அங்கே பியூட்டிரோஸ்பெர்மம் பார்கி பட்டர் என்று இரண்டுக்கும் ஒரே பெயர்தான் போடுவார்கள். (பார்கி என்பது 1790களில் மேற்கு ஆப்பிரிக்காவில் சுற்றிய முங்கோ பார்க் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் பெயரிலிருந்து வந்தது. உப்புப் போடாமலே இந்த வெண்ணெய் வருடம் முழுக்கக் கெடாது என்று எழுதி வைத்தவர் அவர். அவர் சாப்பிட்டது அங்கேயே கடைந்தது, நம்மூருக்கு வந்து சேர்ந்தது அல்ல.) மஞ்சள் நிறத்தையும் நம்ப முடியாது. ஏதோ ஒரு வேரைச் சேர்த்து நிறமேற்றிய ஷியாவும் சந்தையில் உண்டு.

இதைவிட முக்கியமானது மூக்கு. கொழுப்பு கெட்டால் சிக்கு வாடை அடிக்கும், அதுதான் நமக்குக் கிடைக்கும் ஒரே எச்சரிக்கை. அன்ரீஃபைண்டில் ஏற்கெனவே ஒரு புகைமணம் இருப்பதால், இது இயற்கை மணமா, கெட்டுப்போன மணமா என்று புதிதாக வாங்குபவருக்குப் பிரித்தறிவது கஷ்டம். ஒரு முறை வந்த டப்பாவைத் திறந்து வீட்டில் ஆளாளுக்கு முகர்ந்து பார்த்தோம். ‘ஆப்பிரிக்கச் சரக்கு, இப்படித்தான் இருக்கும்’ என்றார் என் மாமியார். எனக்குச் சந்தேகம் தீரவில்லை. கடையில் கேட்டதற்கும் ‘நேச்சுரல் ஸ்மெல் மேடம்’ என்றே பதில் வந்தது. கெட்டுப்போன கொழுப்பைத் தோலில் தேய்த்தால் எரிச்சல்தான் மிச்சம், அதில் சத்து எவ்வளவு இருந்து என்ன? ரீஃபைண்டில் இந்தக் குழப்பம் இல்லை. வாடையே இல்லாத பொருளில் வாடை வந்தால், தூக்கிப் போட வேண்டியதுதான்.

ரீஃபைண்டும் கெடாத அமுதம் அல்ல. சுத்திகரிக்கும்போது அதன் சொந்த வைட்டமின் ஈ குறைந்துவிடுவதால் சிலர் தனியாக வைட்டமின் ஈ சேர்த்து விற்கிறார்கள், அப்படிப்பட்டதை எடுப்பது நல்லது. பருப்பிலிருந்து கொழுப்பை எடுக்க ஹெக்சேன் என்ற கரைப்பானைப் பயன்படுத்தும் ஆலைகளும் உண்டு. பின்னால் வரும் நீராவிச் சூட்டில் அது பெரும்பாலும் ஆவியாகிவிடும். அதுவும் வேண்டாம் என்பவர்கள் இயந்திரத்தில் பிழிந்து, பிறகு சுத்திகரித்தது என்று குறிப்பிட்டிருப்பதைத் தேடலாம்.

இன்னொரு தொல்லை இரண்டுக்கும் பொது. ஷியா முப்பது டிகிரியைத் தாண்டினால் இளகத் தொடங்கும். திருச்சி அக்னி நட்சத்திரத்தில் டப்பாவுக்குள் எண்ணெயாகவே நிற்கும். ராத்திரி மெல்லக் குளிரும்போது ஸ்டியரிக் அதிகமுள்ள பகுதி முதலில் உறைந்து ரவை ரவையாகத் திரண்டுவிடும். இதைப் பார்த்துவிட்டுப் போலிச் சரக்கு என்று திட்டுபவர்கள் நிறைய. கெட்டதும் இல்லை, போலியும் இல்லை. வெந்நீர்ப் பாத்திரத்தில் டப்பாவை வைத்து முழுவதும் உருக்கி, உடனே ஃப்ரிட்ஜில் வைத்துச் சட்டென்று உறைய விட்டால் மறுபடி வழவழப்பாகிவிடும். ஆனால் வெயில் காலம் முழுக்க இப்படி உருகி உறைவதும், அந்தச் சூடும் காற்றும் படுவதும் அன்ரீஃபைண்டின் ஆயுளை இன்னும் குறைக்கிறது.

முடிக்கு வந்தால் நான் கொஞ்சம் அடக்கித்தான் பேச வேண்டும். என் முடி மெல்லிசு, லேசான அலை. இரண்டில் எதைப் போட்டாலும் ஷியா பிசுபிசுவென்று மேலேயே படிந்து நிற்கிறது, நுனியில் மட்டும் அரிசி அளவு தேய்த்தால் பரவாயில்லை. நெருக்கமான சுருட்டை முடிக்கு இது நன்றாகப் பொருந்தும் என்பதற்கு மேற்கு ஆப்பிரிக்கப் பெண்களின் நீண்ட பழக்கமே சாட்சி, என் தலை அதற்குச் சாட்சி சொல்லாது. தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கிப் புரத இழப்பைக் குறைப்பதை மும்பை ஆய்வாளர்கள் 2003இல் காட்டியிருக்கிறார்கள். தலைக்கு அதை விட்டு ஷியாவுக்கு மாற எனக்குக் காரணம் தென்படவில்லை. எக்ஸிமா உள்ள குழந்தைகளுக்கு எது நல்லது என்பதைத் தோல் மருத்துவரிடம் கேளுங்கள். கொட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் அப்படியே.

அன்ரீஃபைண்ட் ஜெயிக்கும் இடமும் இருக்கிறது. டொராண்டோவில் இருக்கும் என் சித்தி மகள் அதைத்தான் வாங்குகிறாள். அவள் போகும் மேற்கு ஆப்பிரிக்கக் கடையில் சரக்கு வந்த வேகத்தில் தீர்ந்துவிடும், வீட்டிலும் வருடத்தில் பாதி குளிர். அங்கே இருந்தால் நானும் அதையே வாங்குவேன். இன்னொரு நியாயமும் உண்டு. ஷியாக் கொட்டையில் பெரும்பங்கு பருப்பாகவே ஏற்றுமதியாகி, கோகோ வெண்ணெய்க்குத் துணையாக சாக்லேட்டுக்குப் போகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2000இல் போட்ட சட்டம் சாக்லேட்டில் 5 சதவீதம் வரை ஆறு வகை வேற்றுக் கொழுப்பை அனுமதித்தது. ஷியாவோடு நம் நாட்டுச் சால் மரக் கொழுப்பும் கோக்கமும் மாங்கொட்டைக் கொழுப்பும் அதில் உண்டு. பருப்பாக விற்றால் பொறுக்கிய பெண்ணுக்குக் கிடைப்பது சொற்பம், கையால் கடைந்த பட்டராக விற்றால் கூலி அந்த ஊரிலேயே தங்கும். 2025இல் நைஜீரியா பதப்படுத்தாத கொட்டையின் ஏற்றுமதிக்கு ஆறு மாதத் தடை போட்டதும் இந்தக் கணக்கில்தான். பெண்கள் கூட்டுறவிலிருந்து நேரடியாக வரவழைத்து, எந்த வருட அறுவடை என்று எழுதியும் விற்பவர் கிடைத்தால், காசு கூட ஆனாலும் அன்ரீஃபைண்டே வாங்குங்கள்.

அப்படி யாரும் கிடைக்காதவரை ரீஃபைண்ட் போதும். எதுவானாலும் நூறு கிராமுக்கு மேல் வேண்டாம். கிலோ கணக்கில் தள்ளுபடி போட்டால் அது பழைய ஸ்டாக்காக இருக்கலாம். வந்தவுடன் முழங்கை உட்புறத்தில் துளி தடவி ஒரு நாள் பாருங்கள். திறந்த தேதியை மார்க்கரில் டப்பா மேல் எழுதுங்கள், ஈரக்கை போடாமல் கரண்டியால் எடுங்கள், சித்திரை வைகாசியில் ஃப்ரிட்ஜ் கதவில் வையுங்கள். நெய் டப்பாவுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம், எங்கள் வீட்டில் ஒரு தடவை தோசைக்குப் போகப் பார்த்தது.