தெர்மல் குக்கர்: வாங்குவதற்கு முன் ஒரு மாதம் தெர்மக்கோல் பெட்டியில் வடித்துப் பாருங்கள்

பாத்திரக் கடைகளில் எவர்சில்வர் அண்டாக்களுக்குப் பக்கத்தில் தடித்த மூடியோடு உட்கார்ந்திருக்கும் தெர்மல் குக்கருக்குக் கேரளத்தில் சூடாறாப் பெட்டி என்று பெயர். அந்தப் பெயர்தான் பொருத்தமானது. குக்கர் என்றதும் அது சமைக்கும் என்று நினைத்து வாங்கி, ஒரு வாரத்தில் பரணில் ஏற்றிவிடுகிறவர்கள் நிறைய. அது சமைக்காது. அடுப்பில் ஏறிய சூட்டை ஆறவிடாமல் பிடித்து வைத்திருக்கும். சமையலின் பின்பாதியை அந்தச் சூடு பார்த்துக்கொள்ளும்.

அரிசி வேக உலை தளதளவென்று கடைசிவரை கொதித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. அரிசியின் மாவுச்சத்து 70, 80 டிகிரியிலேயே வெந்துவிடும். தண்ணீர் மணியின் நடுப்பகுதிவரை இறங்க நேரம்தான் வேண்டும். உலை கொதித்த பிறகு நாம் எரிக்கும் கேஸில் பெரும்பகுதி ஆவியாகக் கூரைக்குப் போகிறது. அந்த இருபது நிமிடத்தை அடுப்பிலிருந்து பெட்டிக்கு மாற்றுவதுதான் இதன் வேலை. 1867இல் பாரிஸ் கண்காட்சியில் நார்வேக்காரர்கள் இதே கருத்தில் ஒரு பெட்டியைக் காட்சிக்கு வைத்தார்கள். உலகப் போர்க்காலத்தில் எரிபொருள் தட்டுப்பட்டபோது பிரிட்டனில் வைக்கோல் அடைத்த பெட்டிகளில் சமைத்தார்கள். புதுக் கண்டுபிடிப்பு என்று எதுவும் இதில் இல்லை. எவர்சில்வர் உறைதான் புதிது.

கடையில் கிடைப்பதில் மூன்று உறுப்புகள் உண்டு. உள்ளே அடுப்பில் ஏற்றும் பாத்திரம், அதன் மூடி. வெளியே இரட்டைச் சுவருக்கு நடுவில் நுரைப்பஞ்சு அடைத்த பெட்டி. அதற்கு அதேபோல அடைத்த தடித்த மூடி. சிலவற்றோடு துளையிட்ட வடிதட்டும் வரும். அரைக் கிலோ, ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ என்று அளவு சொல்லி விற்பார்கள். அந்த எண், கழுத்துவரை நிரப்பினால் வேகும் அரிசியின் எடை. பெரும்பாலான ஏமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது. விருந்தாளி வந்தால் உதவும் என்று பெரியதாக வாங்கி, அதில் தினமும் கால் கிலோ அரிசி போட்டால் சோறு நறுக்கரிசியாகத்தான் நிற்கும். சூட்டைச் சேமிப்பது தண்ணீர். தண்ணீர் குறைந்தால் சேமிப்பும் குறையும். மேலே காலியாக இருக்கும் இடமோ சூட்டைத் தின்னும். பாத்திரம் முக்காலாவது நிரம்ப வேண்டும். நாள்தோறும் ஒரு வேளைக்கு 400 கிராம் அரிசி வடிக்கும் நாலு பேர் வீட்டுக்கு அரைக் கிலோ அளவே சரி.

இதே காரணத்தால், கஞ்சி வடிக்கிற வீட்டுக்குத்தான் இந்தப் பெட்டி ஒத்துவரும். ஒரு பங்கு அரிசிக்கு ஐந்தாறு பங்கு தண்ணீர் வைத்து வடிக்கும்போது சூடு தாராளமாக இருக்கிறது. அளந்து தண்ணீர் வைத்துப் பொங்கிச் சாப்பிடுகிறவர்கள், பெட்டிக்குள் ஆவி வெளியேறாது என்பதால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைத்து வைக்க வேண்டியிருக்கும். தண்ணீர் குறைந்தால் சூடும் குறைகிறது. கைப்பதம் வருவதற்குள் நாலைந்து தடவையாவது கெடும்.

பொன்னி பச்சரிசி என்றால் இருபது நிமிடம் ஊறவைத்து, கொதிக்கும் உலையில் போட்டு, மறுபடி முழுக் கொதி வந்ததிலிருந்து மூன்று நான்கு நிமிடம் அடுப்பில். பிறகு பெட்டியில் 25 நிமிடம். பொன்னி புழுங்கலுக்கு அரை மணி ஊறல், ஏழெட்டு நிமிடக் கொதி, பெட்டியில் முக்கால் மணி. மாப்பிள்ளைச் சம்பா, கேரள மட்டை போன்ற தடித்த அரிசி ரகங்களை முதல் நாள் இரவே ஊறவைத்துவிட வேண்டும்; பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் கொதித்தபின் பெட்டியில் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம். புது அரிசிக்கு இதில் கொஞ்சம் குறையும், பழைய அரிசிக்குக் கூடும். முதல் வாரம் நேரத்தைக் காகிதத்தில் குறித்து அடுப்புக்கு மேலே ஒட்டிவையுங்கள். அதற்குப் பிறகு தேவைப்படாது.

கொதி என்றால் ஓரத்தில் குமிழ் விடுவது கொதியல்ல. நடுவில் அரிசி மேலும் கீழுமாகப் புரள வேண்டும். அடுப்பை அணைத்து, மூடியைத் திறக்காமல் அப்படியே தூக்கிப் பெட்டிக்குள் இறக்க வேண்டும். பெட்டி அடுப்புக்குக் கையெட்டும் தூரத்தில், மூடி திறந்தபடி தயாராக இருக்கட்டும். பதம் பார்க்கிறேன் என்று ஒருமுறை திறந்தாலே பல நிமிடச் சூடு போய்விடும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் பெட்டியும் சில்லென்று இருக்கும் என்பதால், இரண்டு கரண்டி கொதிநீரை உள்ளே சுற்றி ஊற்றி, இரண்டு நிமிடம் மூடிவைத்துக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தை வைப்பது நல்லது.

பதம் பார்ப்பதிலும் ஒரு வேறுபாடு உண்டு. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது கொதித்துப் புரளும் பானைக்குச் சொன்னது. பெட்டிக்குள் அரிசி அசையாமல் அடியில் படிந்திருக்கும். மேல் மணி வெந்திருக்க, நடுவில் விதைவிதையாக இருக்கலாம். கரண்டியை அடிவரை விட்டுக் கிளறி, நடுவிலிருந்து எடுத்து நசுக்கிப் பாருங்கள். வேகவில்லையென்றால் மறுபடி பெட்டியில் வைத்துக் காத்திருப்பது வீண். அடுப்பில் ஏற்றி ஒரு கொதி விட்டு, பத்து நிமிடம் பெட்டியில் வைத்தால் சரியாகிவிடும்.

துவரம்பருப்பு வேகும். ஒரு மணி நேரம் ஊறவைத்து, பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, பெட்டியில் ஒரு மணி நேரம். புளியும் தக்காளியும் முதலிலேயே போட்டால் பருப்பு விறைத்துக்கொள்ளும், வெந்தபின் சேருங்கள். உப்புநீர் வரும் ஊர்களில் பருப்புக்கு மட்டும் குடிதண்ணீர் வையுங்கள். கொண்டைக்கடலைக்கு இரவு ஊறல், கால் மணிக் கொதி, பெட்டியில் இரண்டு மணி நேரம், நடுவில் ஒருமுறை மீண்டும் கொதி என்று சுற்று வளர்ந்துகொண்டே போகிறது. அதற்குப் பிரஷர் குக்கரே மேல். ராஜ்மாவை இதில் வைக்கவே வேண்டாம். அரைவேக்காட்டு ராஜ்மாவில் இருக்கும் நச்சுப்பொருள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும். நல்ல கொதியில் குறைந்தது பத்து நிமிடம் இருந்தால்தான் அழியும்.

இப்போது காசுக் கணக்கு. விளம்பரத்தில் பாதிக்கு மேல் மிச்சம் என்பார்கள். அது அந்த ஒரு பானைக்கு மட்டும் பொருந்தலாம், சிலிண்டருக்குப் பொருந்தாது. பெரிய பர்னர் முழுத் தீயில் மணிக்கு ஏறத்தாழ 150 கிராம் கேஸ் குடிக்கும். நடுத்தரத் தீயில் அதில் பாதியளவு என்று வைத்தால், தடித்த ரக அரிசி வடிக்கும்போது மிச்சமாகும் இருபது நிமிடத்துக்கு 25 கிராம். மாதத்துக்கு முக்கால் கிலோ. 14.2 கிலோ சிலிண்டர் 900 ரூபாய் என்றால் கிலோ 63 ரூபாய். மாத மிச்சம் 50 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. பெட்டி 2,000 ரூபாய் என்றால் போட்ட பணம் திரும்ப மூன்றரை வருடம் ஆகும். ஏற்கெனவே பிரஷர் குக்கரில் பச்சரிசி வைக்கும் வீட்டுக்கு மிச்சம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. அவர்கள் வாங்க வேண்டாம். திறந்த பானையில் புழுங்கலரிசி வடிக்கிறவர்களுக்கும், இரண்டு வேளை வடிக்கிறவர்களுக்கும், விறகடுப்பு எரிக்கிறவர்களுக்கும்தான் இது பயன். விறகடுப்பில் மிச்சமாகும் விறகைவிட, புகையில் நிற்கும் நேரம் குறைவது பெரிய லாபம்.

அதனால்தான் காசு போடுவதற்கு முன்பு வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள் என்கிறோம். மீன் கடையிலோ மருந்துக் கடையிலோ தூக்கிப் போடும் தெர்மக்கோல் பெட்டி போதும். சுவர் ஓர் அங்குலத் தடிப்பு இருக்க வேண்டும், மூடி உடையாததாக இருக்க வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவி இரண்டு நாள் காயவைத்தால் மீன் வாடை பெரும்பாலும் போய்விடும்; போகாவிட்டால் வேறு பெட்டி பாருங்கள். கொதிக்கும் பாத்திரம் நேராகப் பட்டால் தெர்மக்கோல் இளகிக் குழிந்துவிடும். ஆகவே அடியில் ஒரு பலகைத் துண்டு, அதன்மேல் நாலாக மடித்த கோணிச்சாக்கு. பாத்திரத்தைச் சுற்றிப் பழைய பருத்திப் புடவையையோ துண்டையோ இரண்டு சுற்றுச் சுற்றி, மீதி இடைவெளியில் துணியைத் திணித்துவிடுங்கள். மூடிக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் ஒரு சின்னத் தலையணை. இலவம்பஞ்சு என்றால் மிக நன்று.

தெர்மக்கோல் பிடிக்காதவர்களுக்கு மூங்கில் கூடையும் வைக்கோலும் இருக்கின்றன. அடியிலும் சுற்றிலும் நான்கு விரற்கடைக்குக் குறையாமல் வைக்கோலை இறுக்கி அடைத்து, மேலே உமி நிரப்பித் தைத்த துணி மெத்தையால் அழுத்தி மூட வேண்டும். வைக்கோல் நன்றாகக் காய்ந்திருக்கட்டும். ஆவி பட்டு ஈரமானால் பூஞ்சை பிடிக்கும். வாரம் ஒருமுறை வெயிலில் கொட்டி உலர்த்துங்கள். துணியோ வைக்கோலோ எதுவானாலும் எரியும் அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. விறகடுப்பில் ஏற்றிய பாத்திரத்தின் அடியில் கங்கு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துத் துடைத்துவிட்டு இறக்குங்கள்.

செய்த பெட்டி தேறுமா என்று தெரிந்துகொள்ள, பாத்திரம் நிறையத் தண்ணீரைக் கொதிக்கவைத்து மூடி, நாலு மணி நேரம் கழித்துத் திறந்து பாருங்கள். ஆவி எழுந்து, விரல் வைக்க முடியாத சூடு இருந்தால் பெட்டி தேறியது. வெதுவெதுப்பாக இருந்தால் எங்கோ காற்று போகிறது. பெரும்பாலும் மூடி விளிம்பில்தான்.

ஒரு மாதம் இது கைக்குப் பழகி, இன்னும் நீடித்து உழைப்பது வேண்டும் என்று தோன்றினால் கடைக்குப் போங்கள். அங்கே முதலில் ஒரு காகிதத் துண்டை விளிம்பில் வைத்து மூடியை மூடி இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் நாலைந்து இடத்தில் இழுக்க வேண்டும்; வழுக்கிக்கொண்டு வந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். உள்பாத்திரத்தின் பிடி மடங்கிய பிறகும் மேல்மூடியில் இடிக்கிறதா என்று பாருங்கள். அடி தகடு மெல்லியதாக இருந்தால் பருப்பு அடிப்பிடிக்கும். காந்தம் ஒட்டவில்லை, ஆகவே உயர்தர எவர்சில்வர் என்று கடைக்காரர் சொன்னால் அதை நம்ப வேண்டியதில்லை. மலிவு ரகங்களிலும் ஒட்டாதவை உண்டு. இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு அடியில் காந்தம் ஒட்டியே ஆக வேண்டும்.

பெட்டியைக் கெடுப்பது கழுவும் முறைதான். வெளிப்பெட்டியைத் தொட்டியில் முக்கினாலோ குழாயடியில் கவிழ்த்தாலோ விளிம்பு இணைப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கி, நுரைப்பஞ்சு ஊறி, நாற்றம் பிடிக்கும், சூடும் நிற்காது. ஈரத்துணியால் துடைத்தால் போதும். வேலை நடக்கும்போது வெளிச்சுவர் ஓரிடத்தில் மட்டும் கதகதவென்று இருந்தால் அங்கே உள்ளடைப்பு போய்விட்டது என்று அர்த்தம். அதைச் சரிசெய்ய முடியாது. அரிசி கொட்டி வைக்கப் பயன்படுத்துங்கள்.

வடித்த சோற்றை மறுபடி பெட்டியில் வைத்தால் மதியம்வரை சூடாக இருக்கும். மூடியில் படியும் ஆவி சொட்டி மேல் சோறு நசநசத்துப்போகாமலிருக்க, பாத்திரத்தின் வாயில் ஒரு மெல்லிய பருத்தித் துணியைக் கட்டி மூடுங்கள். ஆனால் காலையில் வடித்ததை இரவுவரை அதிலேயே விடக் கூடாது. 60 டிகிரிக்குக் கீழே இறங்கிய வெதுவெதுப்பில் கிருமிகள் பெருகும், சோறு ஊசிப்போகும். நாலு மணி நேரத்துக்குமேல் ஆகும் என்று தெரிந்தால் வெளியே எடுத்து, சீக்கிரம் ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றியோ ஃப்ரிட்ஜில் வைத்தோ காப்பாற்றிக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பால், பால் சேர்த்த எதையும் இதில் நெடுநேரம் வைக்க வேண்டாம்.

சமையல் இல்லாத நேரத்திலும் பெட்டிக்கு வேலை உண்டு. மார்கழிக் குளிரில் இட்லி மாவு பொங்காத வீடுகளில், மாவுப் பாத்திரத்தோடு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரையும் உள்ளே வைத்து மூடினால் காலையில் மாவு பொங்கியிருக்கும். பொங்குவதற்கு இடம் விட்டுப் பாத்திரத்தைப் பாதிதான் நிரப்ப வேண்டும். தயிருக்கும் இதே வழிதான். பாலில் விரல் வைத்தால் இதமாகச் சுட வேண்டும். கையை இழுத்துக்கொள்ளும் சூட்டில் உறை ஊற்றினால் உறை செத்து, பால் பாலாகவே நிற்கும்.