ஓட்டு தோட்டத்துலயா, கொழும்புலயா?

அட்டன் பக்கம் தேயிலத் தோட்டத்து லயத்துல (தொழிலாளருங்க இருக்கிற வரிசை வீட்டுல) பொறந்து கொழும்புல வேலைக்கு நிக்கிற எல்லாருக்கும் இந்த கேள்வி வரும். ஜீஎஸ் (கிராம உத்தியோகத்தர்) வாக்காளர் ஃபோர்ம் குடுத்துட்டு போனதும் அம்மா கோல் எடுத்து "தம்பி ஒன் பேர போடவா வேணாமா"ன்னு கேப்பாங்க. ரெண்டு இடத்துல பதிய ஏலாது, ஒண்ணத்தான் புடிக்கணும்.

கொழும்புல பதிஞ்சா சொகம்தான். காலையில பத்து நிமிஷம் நடந்து போய் போட்டுட்டு வேலைக்கு போயிடலாம். தோட்டத்துல பேர் இருந்தா ராத்திரி பஸ்தான், 2024ல செப்டம்பர் 21 ஜனாதிபதி தேர்தல், நவம்பர் 14 பாராளுமன்ற தேர்தல்னு ரெண்டு மாசத்துக்குள்ள ரெண்டு தரம், நடுவுல தீபாவளி வேற, பஸ் காசே பர்ஸ காலி பண்ணிருச்சு. தபால் ஓட்டு அரசாங்க உத்தியோகத்தருக்கும் பொலிஸ், ஆமி மாதிரி ஆக்களுக்கும்தான், கடையில நிக்கிற நமக்கு கிடையாது. ஓட்டு போட போக லீவு இருக்கு, ஓட்டு போடுற எடம் 100லருந்து 150 கிலோமீட்டர் தூரம்னா ஒன்றரை நாள் சம்பளத்தோட, ஆனா எங்க மொதலாளிக்கிட்ட அத கேட்டப்ப அவரு பாத்த பார்வை இருக்கே!

இன்னொன்னு, போடிங்ல, அதாவது வாடகை ரூம்ல, இருந்துகிட்டு கொழும்புல பதியிறது நெனைக்கிற மாதிரி லேசு இல்ல. எங்க போடிங் வீட்டு சொந்தக்காரரு தன் ஃபோர்ம்ல நம்ம பேர எழுதினா நாளைக்கு வீட்ட விட்டு கிளம்ப மாட்டானுங்கன்னு பயப்படுறாரு. ஆறு மாசத்துக்கு ஒருக்கா போடிங் மாத்துறவனுக்கு இது சரிப்பட்டு வராது.

தோட்டத்து ஓட்டுக்கு வேற பலம் இருக்கு. 2024 பாராளுமன்ற தேர்தல்ல அட்டன் இருக்கிற நுவரெலியா மாவட்டத்துக்கு 8 சீட், கொழும்புக்கு 18. நுவரெலியாவுல நம்ம மலையகத் தமிழ் சனம் நெறைய இருக்கிறதால விருப்பு வாக்கு மூணையும் லயத்து பிரச்சினை தெரிஞ்சவங்களுக்கே போடலாம், கொழும்புல நம்ம ஓட்டு கடல்ல கரைச்ச பெருங்காயம். பிரதேச சபைய எடுத்தா இன்னும் கிட்ட. 1987 பிரதேச சபை சட்டத்த வச்சுக்கிட்டு தோட்டத்துக்குள்ள சபை காசு செலவழிக்க ஏலாதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க, 2018ல திருத்தின பொறகுதான் வழி தொறந்துச்சு. அப்ப சபைக்கு ஆள அனுப்புற நேரம் பாத்து நாம பேர வெட்டிட்டு போறதா?

தாத்தா காலத்து கதையும் மனசுல இருக்கு. 1947ல மலையக பக்கமிருந்து நம்ம தோட்டத்து ஆக்களோட கட்சி இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு பேர பாராளுமன்றத்துக்கு அனுப்புச்சு, அடுத்த வருஷமே பிரஜாவுரிமை சட்டம் வந்து நம்ம சனத்துல அநேகம் பேருக்கு பிரஜாவுரிமை இல்லாம போச்சு, 1949ல ஓட்டும் போச்சு. பொறகு நம்மாளு ஒருத்தரு, தொண்டமான், தேர்தல்ல ஜெயிச்சு பாராளுமன்றம் போனது 1977லதான்.

ஆனா கல்யாணம் கட்டி புள்ளைகுட்டியோட கொழும்புல குடியிருந்தா யோசிக்காம மாத்திடுங்க. சட்டமும் வழமையா குடியிருக்கிற எடத்துலதான் பதிய சொல்லுது. முதலாம் ஆண்டுக்கு புள்ளைய ஸ்கூல்ல சேக்க போறப்ப வாக்காளர் இடாப்புல எத்தன வருஷமா பேர் இருக்குன்னு பாத்துதான் புள்ளி போடுவாங்க, அப்ப வந்து அழுது பிரயோசனம் இல்ல.

ரெண்டுலயும் மோசம் என் ஃபிரெண்டுக்கு நடந்ததுதான். "அவன் இங்க இல்ல"ன்னு வீட்டுல சொன்னதும் தோட்டத்து லிஸ்ட்ல பேர் போயிருச்சு, கொழும்புலயும் பதியல, தேர்தல் அன்னிக்கி ஐடென்டிய கையில வச்சுக்கிட்டு போடிங்ல குந்திட்டு இருந்தான். லிஸ்ட்ல பேர் இருக்கான்னு தேர்தல் ஆணைக்குழு வெப்சைட்ல ஐடென்டி நம்பர் அடிச்சு பாக்கலாம்.

நான் இப்பவும் போடிங்தான். அம்மா கேட்டப்ப "போடுங்க"ன்னுட்டேன்.