மார்ஃபினும் குமட்டலும்: ஊரில் பார்த்த வீட்டுச் சிகிச்சை

பெரியப்பாவுக்குப் புற்றுநோய் எலும்புவரை பரவிவிட்டதால், இம்முறை ஊர்ப் பயணத்தில் பாதி மருத்துவமனை வராந்தாவிலேயே கழிந்தது. சேர்த்துக்கொண்டதிலும் ஸ்கேன் எடுத்ததிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. டிஸ்சார்ஜ் செய்த விதம்தான் எரிச்சலூட்டியது. கடும் வலியைத் தணிக்க நான்கு மணி நேரத்துக்கு ஒரு மார்ஃபின் மாத்திரை என்று எழுதிக் கொடுத்தவர்கள், குமட்டும் என்றோ மலம் இறுகும் என்றோ வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் வாந்தி. “இதற்கு வலியே தேவலை” என்று பெரியப்பா மாத்திரையைத் தள்ளிவிட்டார். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று உறவினர்கள் தீர்ப்பே எழுதிவிட்டார்கள்.

வீடு தேடி வரும் வலி தணிப்புச் சிகிச்சைக் குழுவை அண்ணிக்குத் தெரிந்திருந்தது நல்லதாகப் போயிற்று. வந்த நர்ஸ் பையைத் திறக்கும் முன்பே கேட்கத் தொடங்கினார். “ஐயா, எப்போது குமட்டுகிறது? தலையைத் திருப்பினாலா, சாப்பிட்டதுமா, சும்மா படுத்திருக்கும்போதுமா? வெளிக்குப் போய் எத்தனை நாளாகிறது?” கடைசிக் கேள்விக்குப் பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பதில் கிடைத்துவிட்டது.

எல்லாக் குமட்டலும் ஒன்றல்லவாம். இரத்தத்தில் கலக்கும் பொருள்களை மோப்பம் பிடித்து வாந்தியைத் தூண்டும் பகுதி மூளையில் இருக்கிறது. மார்ஃபின் அதைச் சீண்டினால் அசையாமல் படுத்திருந்தாலும் குமட்டும். அதற்குச் சிறிய அளவில் ஹாலோபெரிடால் என்ற மருந்து கொடுப்பதுண்டு. உட்காதின் சமநிலை உறுப்பு பாதிக்கப்பட்டவர்களுக்கு எழுந்தால் தலைசுற்றும். பயண வாந்திக்குத் தரும் மாத்திரை வகை அவர்களுக்கு உதவும். பெரியப்பாவுக்கு இரைப்பை மெதுவாகவே காலியானது: நாலு வாய் உண்டதும் வயிறு நிரம்பிவிடும், வாந்தி எடுத்ததும் ஆறுதல். நர்ஸ் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், குழுவின் மருத்துவரிடம் பேசினார். குடல் அடைப்பு இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே, இரைப்பையைச் சீக்கிரம் காலியாக்கும் மெட்டோகுளோபிரமைடு உணவுக்கு முன் என்று முடிவானது. குடலில் அடைப்பு இருந்தால் அந்த மருந்தைத் தரக்கூடாது.

மருந்துக்கடைக்காரர் முன்பே எடுத்து நீட்டியிருந்த ஒண்டான்செட்ரான் என்ற வாந்தி மாத்திரையைப் பார்த்து நர்ஸ் உதட்டைப் பிதுக்கினார். அது மலச்சிக்கலைக் கூட்டும். தேங்கிய மலமோ குமட்டலைக் கூட்டும். மார்ஃபினுக்கு உடல் பழகியதும் குமட்டல் பெரும்பாலோருக்குச் சில நாளில், அதிகம் போனால் ஒரு வாரத்தில் தணிந்துவிடும். மலச்சிக்கல் அப்படிப் பழகாது. மார்ஃபின் உள்ளவரை சென்னா போன்ற மலமிளக்கியும் கூடவே இருக்க வேண்டும். இதை டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரியாக எழுத என்ன தடை என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

குமட்டல் நீடித்தால் இரத்தத்தில் கால்சியத்தையும் சிறுநீரகத்தையும் சோதிப்போம், தேவைப்பட்டால் மார்ஃபின் குடும்பத்து வேறு வலி மருந்துக்கு மாற்றுவோம், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்றார் நர்ஸ். எழுப்ப முடியாத தூக்கமோ மூச்சு மந்தமாவதோ தெரிந்தால் உடனே அழைக்கச் சொன்னார். ஒருநாள் இரவு வேறொரு சந்தேகத்துக்கு அழைத்தபோது மணி வெகுநேரம் அடித்தது. குறை என்றால் அது ஒன்றுதான்.

நான் கிளம்புவதற்குள் வாந்தி மாத்திரையை நிறுத்தியாயிற்று. மார்ஃபினும் மலமிளக்கியும் தொடர்கின்றன.