2003 சில்வராடோவுக்கு எலக்ட்ரிக் ஃபேன்: ஹூஸ்டன் வெயிலில் ஒரு கோடை ஓட்டியபின்

ஹூஸ்டன் பக்கம் பழைய பிக்கப் வைத்திருக்கும் நம் ஆட்கள் பலர் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். என் வண்டி 2003 ஷெவர்லே சில்வராடோ 1500, 5.3 லிட்டர் வி8. ரேடியேட்டருக்குக் காற்று இழுக்க வாட்டர் பம்ப்பில் பூட்டியிருந்த, இன்ஜினே சுற்றும் கிளட்ச் ஃபேனைக் கழற்றிவிட்டு, பிந்தைய சில்வராடோவின் இரட்டை எலக்ட்ரிக் ஃபேனைப் போட்டு ஒரு முழுக் கோடை ஓட்டிவிட்டேன். ஏசிக்காகப் போடுங்கள். பெட்ரோல் மிச்சமாகும் என்று நம்பிப் போடாதீர்கள்.

ரோஷரானில் எனக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. முருங்கை, கறிவேப்பிலை, கொத்தவரை. வார இறுதியில் எரு, மரத்தூள், குழாய் என்று ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பும்போது 288ஆம் நெடுஞ்சாலையில் நெரிசலில் மாட்டினால் ஏசி கையை விரித்துவிடும். வண்டி ஓடினால் குளிர்காற்று, நின்றால் வெறும் காற்று. கேஸ் அளவு சரியாக இருந்தது, கம்ப்ரசரிலும் குறை இல்லை. ரேடியேட்டருக்கு முன்னால் நின்று ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சருக்குக் காற்று போதவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பழைய ஃபேன் அப்படித்தான். இன்ஜின் சுற்றும் வேகத்தை நம்பியே அது சுற்றுகிறது. சிக்னலில் இன்ஜின் அறுநூற்றுச் சொச்சம் சுற்றில் மெதுவாக ஓடும்போதுதான் ரேடியேட்டருக்குக் காற்று அதிகம் தேவை, அப்போதுதான் ஃபேன் சோம்பலாகச் சுற்றும். நெடுஞ்சாலையில் காற்று தானாகவே முகத்தில் அடிக்கிறது, அங்கே அதற்கு வேலையே இல்லை. நடுவில் இருக்கும் கிளட்சுக்குள் கெட்டியான சிலிகான் எண்ணெய். முன்பக்கம் சுருளாக ஓர் இரட்டை உலோகப் பட்டை தெரியும். ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடானால் அந்தச் சுருள் விரிந்து உள்ளே வால்வைத் திறக்கும், எண்ணெய் பரவி ஃபேனைப் பிடித்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இருபது வருட வண்டியில் எண்ணெய் கசிந்து பிடிப்பு தளர்ந்திருக்கும். சோதிக்க ஒரு வழி: வண்டி நன்றாகச் சூடானபின் இன்ஜினை அணைத்துவிட்டு ஃபேனைக் கையால் சுண்டிப் பாருங்கள். தடையே இல்லாமல் பல சுற்று சுற்றினால் கிளட்ச் போய்விட்டது. அப்படியானால் புது கிளட்ச் ஒன்று போட்டாலே உங்கள் பிரச்சினை தீரலாம். அதையும் கணக்கில் வையுங்கள்.

எலக்ட்ரிக் ஃபேன் என்றதும் இணையத்தில் முதலில் கண்ணில் படுவது எந்த வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கிற மெல்லிய ஃபேன்கள். விலை குறைவு. அவற்றில் பலவற்றை ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஊசிகளைச் செருகித்தான் இழுத்துக் கட்டுகிறார்கள். சுகர்லேண்டில் ஒரு நண்பர் வண்டிக்கு ஒரு கடையில் அப்படித்தான் போட்டுக்கொடுத்தார்கள். அதிர்வில் ஊசி உரசி உரசி, கடைசியில் ரேடியேட்டர் ஒழுகியது. அதைவிடப் பெரிய குறை, சுற்றிலும் கூடு இல்லாதது. ஃபேன் வட்டத்துக்கு நேரே இருக்கும் இடத்தில் மட்டும் காற்று இழுக்கும், மூலைகள் சும்மா கிடக்கும். ரேடியேட்டர் முழுவதையும் மூடும் கூடுதான் இந்த வேலையின் உயிர் என்பது என் கருத்து.

ஷெவர்லேயின் தாய் நிறுவனமான ஜிஎம் கம்பெனியே 2005இல் 1500 போன்ற இந்த அரை டன் பிக்கப்களுக்குக் கிளட்ச் ஃபேனை விட்டுவிட்டு இரட்டை எலக்ட்ரிக் ஃபேனுக்கு மாறியது. அதே தலைமுறை வண்டி, அதே 34 அங்குல ரேடியேட்டர். கூட்டோடு சேர்ந்த அந்த முழு செட் நம் வண்டியில் அளவெடுத்ததுபோல உட்காரும். 28 அங்குலச் சின்ன ரேடியேட்டர் இருக்கும் வண்டிகளும் உண்டு, அவற்றுக்கு இது சரிவராது. டேப் வைத்து அளந்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

புதிதாகவும் கிடைக்கிறது, டோர்மன் போன்றவர்கள் போடுகிறார்கள். நான் காயலாங்கடையில்தான் எடுத்தேன். இங்கே பல கடைகளில் நாமே ஸ்பேனரோடு உள்ளே போய்க் கழற்றிக்கொள்ளலாம். கூட்டின் ஓரங்களில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். இரண்டு ஃபேனையும் கையால் சுற்றுங்கள், கரகரவென்று சத்தம் வந்தாலோ தண்டு ஆடினாலோ வைத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போங்கள். வண்டிப் பக்கத்து கனெக்டரையும் ஒரு முழம் வயரோடு வெட்டி எடுத்துக்கொள்வது நல்லது, பின்னால் கைகொடுக்கும்.

பூட்டுவதில் கஷ்டமான இடம் ஒன்றே ஒன்று: பழைய ஃபேனைக் கழற்றுவது. வாட்டர் பம்ப் தண்டில் 36 மில்லிமீட்டர் நட்டு, வழக்கமான மரை, இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். பெல்ட்டைக் கழற்றாதீர்கள், அதுதான் புல்லியைப் பிடித்துக்கொள்ளும். நீளமான ஸ்பேனரை மாட்டிச் சுத்தியால் வெடுக்கென்று ஒரு தட்டு, இல்லையென்றால் இன்னொன்று. சும்மா அழுத்திக்கொண்டிருந்தால் புல்லி வழுக்கும், நட்டு அசையாது. புல்லியைப் பிடிக்கும் தனிக் கருவியை உதிரிபாகக் கடைகளில் இரவலாகவும் தருகிறார்கள். அப்புறம் மேல் ஹோஸை எடுத்தால் கூடு இறங்க வழி கிடைக்கும். கொஞ்சம் கூலண்ட் சிந்தும், கீழே ஒரு தட்டு வையுங்கள். நாய் பூனை நக்கினால் உயிருக்கே ஆபத்து, உடனே கழுவிவிடுங்கள்.

வயரிங் செட்டைத் தனியாக வாங்கினேன். மூன்று ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) கொண்ட வகை. குறைவேகத்தில் இரண்டு மோட்டாரும் தொடராக இணைந்து பன்னிரண்டு வோல்ட்டைப் பங்கிட்டுக்கொண்டு மெதுவாகச் சுற்றும். சூடு ஏறினால் இணையாக மாறி இரண்டும் முழு வேகம். தொழிற்சாலையிலும் இதே முறைதான். நான் வாங்கிய செட்டில் வயர் தடிமன் திருப்தி, ரிலே அடிக்கட்டையும் உறுதி. ஃபியூஸ் பெட்டி மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. மூடி தளர்வாக இருந்தது, டெக்சஸ் மழைக்கு அது போதாது. நல்ல தண்ணீர் புகாத பெட்டி ஒன்று வாங்கி மாற்றினேன். கையேடு ஒரே தாள், படம் மங்கல். விலைக்கு ஏற்ற விளக்கம் இல்லை.

கட்டுப்பாட்டுக்கு ரேடியேட்டரில் செருகும் குமிழ் தெர்மோஸ்டாட் எதுவும் தேவையில்லை. வண்டியின் இன்ஜின் கம்ப்யூட்டருக்கே ஃபேனை இயக்கத் தெரியும், 2003இல் அந்த வசதி அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே. கம்ப்யூட்டரின் நீல கனெக்டரில் 42ஆம் குழி குறைவேகத்துக்கு, பச்சை கனெக்டரில் 33ஆம் குழி முழுவேகத்துக்கு. இரண்டிலும் புதிதாக ஒரு பின் செருகி வயரை ரிலேவுக்குக் கொண்டுபோக வேண்டும். கம்ப்யூட்டர் ரிலேவுக்கு எர்த் மட்டும்தான் கொடுக்கும். நேரடியாக மோட்டாரை அதில் மாட்டும் எண்ணம் யாருக்கும் வரக்கூடாது. அப்புறம் இன்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்புகளை மாற்றும் எச்பி டியூனர்ஸ் மென்பொருள் வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்து ஃபேன் பக்கத்தைத் திறந்து எழுதிக்கொள்ளலாம். எனக்கு எழுதிக்கொடுத்தவர் பொறுமையான மனிதர், ஒவ்வொரு எண்ணையும் காட்டிக் கேட்டுத்தான் பதிந்தார்.

எந்தச் சூட்டில் ஓட வேண்டும் என்பதில் கவனம் வேண்டும். வண்டியின் தெர்மோஸ்டாட் 86 டிகிரி செல்சியஸில் திறக்கத் தொடங்குகிறது. ஃபேன் அணையும் சூட்டை அதற்குக் கீழே வைத்தால் அந்தச் சூட்டுக்குத் தண்ணீர் இறங்கவே இறங்காது, ஃபேன் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். என் வண்டியில் குறைவேகம் 96இல் தொடங்கி 91இல் நிற்கிறது, முழுவேகம் 102இல் வருகிறது. ஏசி போட்டால் குறைவேகம் கூடவே ஓடும். டாஷ்போர்டு முள்ளை நம்பி எதையும் முடிவுசெய்யாதீர்கள். இந்த வண்டிகளில் சூடு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் முள் நடுவில் 210 டிகிரி ஃபாரன்ஹீட்டிலேயே நிற்கும்படிதான் செய்திருக்கிறார்கள். வண்டிக் கம்ப்யூட்டரின் எண்களைப் படிக்கும் சின்ன ஓபிடி ஸ்கேனர் ஒன்றைச் செருகி உண்மையான எண்ணைப் பாருங்கள்.

சரி, பலன். ஆகஸ்ட் மதியம், நின்ற வண்டி, ஏசி முழுவதும். முன்பு வென்ட்டில் வைத்த தெர்மாமீட்டர் 17, 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்காது. இப்போது 10 பக்கம் நிற்கிறது. பின்சீட்டில் அம்மா உட்கார்ந்து வரும்போது அந்த வித்தியாசம் எனக்கு எவ்வளவு பெரிது என்று எண்ணால் சொல்ல முடியாது. சத்தமும் போயிற்று. கிளட்ச் ஃபேன் காலையில் ஸ்டார்ட் செய்ததும், எண்ணெய் ஒரு பக்கம் தேங்கியிருப்பதால், முதல் ஓரிரு நிமிடம் இரைந்துகொண்டே இருக்கும். இப்போது அமைதியாகக் கிளம்புகிறது. முழுவேகத்தில் இரண்டு ஃபேனும் ஓடும்போது வெளியே நிற்பவருக்குச் சத்தம் நன்றாகவே கேட்கும், உள்ளே தொந்தரவு இல்லை.

மைலேஜ் கேலனுக்கு 15 மைல் பக்கம் இருந்தது, இன்றும் அங்கேதான். ஃபேனின் வேகம் இரட்டிப்பானால் அதைச் சுற்றத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்காகும் என்பது உண்மை, விற்பவர்கள் அதைத்தான் பெரிதாகப் பேசுகிறார்கள். ஆனால் நெடுஞ்சாலையில் கிளட்ச் எப்படியும் நழுவிக்கொண்டுதான் இருந்தது. எலக்ட்ரிக் ஃபேனுக்கு வேண்டிய மின்சாரமும் ஆல்டர்னேட்டர் வழியாக அதே இன்ஜினிடமிருந்துதான் வருகிறது. ஆல்டர்னேட்டர் ஸ்டிக்கரையும் பாருங்கள். 105 ஆம்பியர் வகையாக இருந்தால் 145க்கு மாற்றிவிட்டு ஃபேனைப் போடுவது நிம்மதி. என்னுடையது 145, இரவில் விளக்கு, ஏசி, ஃபேன் எல்லாம் ஓடினாலும் வோல்டேஜ் தளரவில்லை.

செலவு எல்லாம் சேர்த்து 400 டாலருக்குள். கடையில் முழு வேலையையும் கொடுத்தால் கூலி தனி.

கேட்டியில் ஒரு தம்பி 2500எச்டி வைத்திருக்கிறார், கனமான பாரம் இழுக்கும் சில்வராடோ வகை. மண் தோண்டும் இயந்திரத்தை டிரெய்லரில் ஏற்றி இழுப்பதுதான் அவர் பிழைப்பு. என் வண்டியின் ஏசியில் உட்கார்ந்துவிட்டு, "அண்ணே, எனக்கும் இதையே போட்டுக் குடுத்துடுங்கண்ணே" என்றார். மறுத்துவிட்டேன். அரை டன் வண்டிகளுக்கு எலக்ட்ரிக் ஃபேன் கொடுத்த அதே 2005இல் ஜிஎம் எச்டி வண்டிகளில் கிளட்ச் ஃபேனைத்தான் தொடர்ந்து வைத்தது. பாரம் இழுத்து ஏற்றத்தில் இன்ஜின் கத்தும்போது அந்தப் பெரிய ஃபேன் இழுக்கும் காற்றை இந்த இரண்டு மோட்டாரும் சேர்ந்தாலும் இழுக்காது. "உன் ஃபேனைச் சுண்டிப் பாரு தம்பி" என்றேன். தடையில்லாமல் சுற்றியது. புது கிளட்ச் ஒன்று வாங்கிவரச் சொல்லி, என் 36 மில்லிமீட்டர் ஸ்பேனரால் அதை மட்டும் மாற்றிக்கொடுத்தேன். அவருடைய ஏசியும் இப்போது நெரிசலில் நன்றாகவே குளிர்கிறது.