28 அறைகள் கொண்ட வார மாத்திரைப் பெட்டி: எதற்கு உதவும், எதற்கு உதவாது

மருந்துக் கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் 200 ரூபாயை ஒட்டிய விலையில் கிடைக்கும் வார மாத்திரைப் பெட்டியை என் தந்தைக்காக வாங்கினோம். அவருக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய் உண்டு. இரத்த அழுத்தமும் உண்டு. பின்னாளில் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்ததில் மாத்திரைகளின் பட்டியல் இன்னும் நீண்டுவிட்டது. பல மாதங்கள் அன்றாடம் புழங்கிய பிறகு எழுதும் மதிப்புரை இது.

முதலில் பொருளைப் பற்றி. ஏழு நாள்களுக்கு ஏழு தனித்தனிப் பட்டைகள்; ஒவ்வொரு பட்டையிலும் காலை, மதியம், மாலை, இரவு என நான்கு அறைகள். திருமணத்துக்கோ கோயிலுக்கோ போகும் நாளில் அன்றைய பட்டையை மட்டும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம் என்பது இதன் மிகப் பெரிய வசதி. கிழமைகளை ஆங்கில முதலெழுத்துகளால் மட்டும் குறித்திருப்பது எரிச்சலூட்டுகிறது; எஸ் இரண்டு, டி இரண்டு என்று வரும்போது சனி எது, ஞாயிறு எது என்று கண்ணாடியைத் தேட வேண்டியிருக்கிறது. வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, அதன்மேல் ஞா, தி, செ என்று பேனாவால் எழுதியதும் அந்தச் சிக்கல் தீர்ந்தது. மூடிகள் புதிதில் மிகவும் இறுக்கமாக இருக்கும். மூட்டுவாதத்தால் விரல் மடங்காதவர்கள் கடையிலேயே ஒருமுறை திறந்து பார்த்து வாங்குவது நல்லது. ஆனால் அதே மூடியைக் குழந்தைகள் எளிதாகத் திறந்துவிடுகிறார்கள் என்பதால், பேரப்பிள்ளைகள் வரும் வீட்டில் பெட்டி உயரத்தில்தான் இருக்க வேண்டும்.

எல்லா மருந்தும் பெட்டிக்குள் போகக்கூடாது என்பதை விற்பவர்கள் யாரும் சொல்வதில்லை. இரத்தம் உறையாமலிருக்கத் தரப்படும் டாபிகாட்ரான் காப்ஸ்யூல் ஈரக்காற்றில் வீரியம் இழக்கும் என்பதால் அதன் மூல உறையிலேயே இருக்க வேண்டும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரையும் அது வந்த குப்பியிலேயே இருக்க வேண்டியது. முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை மட்டும் கொடுக்கப்படும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்தைப் பெட்டியில் போடலாமா என்று மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்டுக்கொள்ள வேண்டும். அதைத் தவறுதலாக நாள்தோறும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. தைராய்டு மாத்திரை உட்கொள்பவர்கள் அன்றைய பட்டையைக் காபி வடிகட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் மறக்காது. ஆனால் மாத்திரைக்கும் காபிக்கும் இடையே அரை மணி நேரமாவது இருக்க வேண்டும்.

இனி, இந்தப் பெட்டியால் ஆகாத காரியத்துக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2003-இல் வெளியிட்ட அறிக்கை, வளர்ந்த நாடுகளிலேயே நாள்பட்ட நோயாளிகளில் சராசரியாகப் பாதிப் பேர்தான் சிகிச்சையை முறையாகப் பின்பற்றுகிறார்கள் என்றும், வளரும் நாடுகளில் நிலைமை அதனினும் மோசம் என்றும் சொன்னது. அந்த மற்றப் பாதிப் பேர் எல்லாரும் மறதிக்காரர்கள் அல்லர். மறந்து விடுபவர்கள் ஒரு வகை; யோசித்து, தீர்மானித்து விடுபவர்கள் இன்னொரு வகை. பெட்டி முதல் வகையினருக்காகச் செய்யப்பட்டது. என் தந்தை பெரும்பாலும் இரண்டாம் வகை என்பதைப் பெட்டி வந்த பிறகுதான் நாங்கள் அறிந்தோம்.

உதாரணமாக, இரத்த அழுத்த மாத்திரையைப் பாருங்கள். அழுத்தம் ஏறியிருப்பது உடலுக்குப் பெரும்பாலும் தெரிவதே இல்லை. மாத்திரை போட்டால் நிவாரணமாக எதுவும் உணரப்படுவதில்லை, விட்டால் உடனே எதுவும் வலிப்பதும் இல்லை. தலைவலிக்கு மாத்திரை போடுகிறவர் பலனைக் கண்முன் காண்கிறார். இவரோ இருபது ஆண்டு கழித்து வராமல் போகக்கூடிய பக்கவாதத்தை நம்பி நாள்தோறும் விழுங்க வேண்டும். இதற்கு எதிர்ப்பக்கத்தில், "இத்தனை மாத்திரை தின்றால் கிட்னி என்ன ஆகும்?" என்ற அச்சம் இருக்கிறது. உண்மையில் பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றி இருக்கும் சர்க்கரையும் அழுத்தமும்தான் சிறுநீரகத்தைக் கெடுக்கும் முதன்மைக் காரணங்கள். ஆனால் பழி மாத்திரைமேல் விழுகிறது. பிரித்தானிய ஆய்வாளர் ராப் ஹோர்ன் 1990-களிலேயே இதைத் தெளிவாக வகுத்திருக்கிறார்: மருந்து எனக்குத் தேவை என்ற நம்பிக்கையும், மருந்தால் கேடு வரும் என்ற கவலையும் மனத்துக்குள் எடை பார்க்கப்படுகின்றன, கவலைப் பக்கம் தாழும் நாளில் மாத்திரை உறையிலேயே தங்கிவிடுகிறது. எந்தப் பிளாஸ்டிக் அறையும் அந்தத் தராசைத் தொடுவதில்லை.

இன்னொன்று, வெட்கம். விருந்தினர் வந்தால் பெட்டி அலமாரிக்குள் போய்விடும். வரவேற்பறை மேசையில் அது கிடப்பதை என் தந்தை விரும்பவே இல்லை. "என்னை முழு நோயாளியாவே ஆக்கிடாதீங்க" என்றார் ஒருநாள். அதுவரை உறைகள் ஒரு பழைய மஞ்சள் பைக்குள் கண்மறைவாக இருந்தன. இப்போது நோய் வீட்டின் நடுவில் உட்கார்ந்துகொண்டது. போதாக்குறைக்கு, அறை திறந்திருக்கிறதா என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் எட்டிப் பார்க்கிறோம். "என்னங்க, மதிய மாத்திரை அப்படியே இருக்கே" என்று அம்மா கேட்பதில் அக்கறைதான் இருக்கிறது. கேட்கப்படுகிறவருக்கு அது விசாரணை. சர்க்கரை நோயால் ஏற்படும் மனச்சுமையை அளக்க வில்லியம் போலன்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் 1995-இல் உருவாக்கிய 20 கேள்விகளில், நோயைக் கவனித்துக் கவனித்தே சலித்துப்போவதும், கட்டுப்பாடு தவறும்போது எழும் குற்ற உணர்வும் இடம்பெற்றிருக்கின்றன. சர்க்கரை நோயாளிகளுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதும் அறியப்பட்டதே. அந்தச் சோர்வில் இருப்பவரிடம் பெட்டியைக் காட்டிக் கடிந்துகொள்வதால் மாத்திரைகள் வயிற்றுக்குள் போகா. ஆனால் அறைகள் மட்டும் காலியாகும். குப்பைத்தொட்டி எங்கே இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும். மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய வாரம் மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றுச் சர்க்கரையைச் சரியாகக் காட்டிவிடுகிறவர்களும் உண்டு. இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனையிடம் அது செல்லாது.

இருந்தும் இந்தப் பெட்டியைப் பரிந்துரைக்கிறேன். விளம்பரத்தில் இல்லாத ஒரு காரணத்துக்காக. எங்கள் வீட்டில் காலியாகாத அறைகள் கண்டபடி இல்லை. காலை அறையில் நீர் மாத்திரை மட்டும், அதுவும் வெளியூர் போகும் நாள்களில் மட்டும், தங்கியிருந்தது. அதைப் பற்றிக் கடியாமல் கேட்டபோதுதான், பேருந்தில் சிறுநீர் நெருக்கினால் எங்கே இறங்குவது என்ற பயத்தில் அதைத் தள்ளிவைத்திருக்கிறார் என்று தெரிந்தது. மருத்துவரிடம் சொல்லக் கூச்சம். மீதியிருந்த பட்டைகளை அப்படியே மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றோம். மருத்துவர் அவற்றைப் பார்த்துவிட்டு, பயண நாளில் அந்த ஒரு மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்தார். அதன்பின் அந்த அறையில் மாத்திரை தங்குவதில்லை. உறைகளாக இருந்திருந்தால் இந்த ஒழுங்கு எங்கள் கண்ணில் பட்டிருக்காது.

நிரப்பும் வேலையையும் இப்போது அவரே செய்கிறார். ஞாயிறு காலை செய்தித்தாளை விரித்து, உறைகளைக் கிள்ளி, ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் வாய்விட்டுச் சொல்லிப் போடுகிறார். எது எதற்கு என்று எங்களைவிட அவருக்குத் தெரிகிறது. பிறர் நிரப்பிக் கொடுத்த காலத்தைவிட இப்போது விடுபடுவது குறைவு. நினைவாற்றல் குன்றியவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்குக் குடும்பத்தினர்தான் நிரப்ப வேண்டும்.

நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மாத்திரைதான் என்றால் 28 அறைகள் தேவையில்லை, ஏழு அறைப் பெட்டி போதும். அலாரம் அடிக்கும் விலை கூடிய வகையைத் தன் தந்தை மூன்றாம் நாளே அணைத்துவிட்டார் என்று நண்பர் ஒருவர் சொன்னார். நாங்கள் அதை வாங்கவில்லை. பயனுக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண் கொடுப்பேன், மூடிக்கும் கிழமை எழுத்துக்கும் இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.