டைட்டானியா கோட்டிங்: சோல்-ஜெல்லா, ஸ்பட்டரிங்கா?

கண்ணாடி மேல டைட்டானியம் டை ஆக்சைடு படலம் போட்டு, வெயில் பட்டாலே அழுக்கு சிதையற மாதிரி பண்ணணும்னு லேப்ல இறங்குறவங்களுக்கு முதல்ல வர்ற கேள்வியே இதுதான்: கரைசல்ல கண்ணாடியை முக்கி எடுத்து சுடுற சோல்-ஜெல்லா, இல்ல வெற்றிடத்துல டார்கெட்ங்கிற மூலப்பொருள் தகட்டை அயனியால அடிச்சு, பேர்ற அணுக்களைக் கண்ணாடில படிய வைக்கிற ஸ்பட்டரிங்கா? நான் ரெண்டுலயும் படலம் போட்டுப் பாத்துட்டு சோல்-ஜெல் பக்கம் வந்துட்டேன்.

செலவு வித்தியாசம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஸ்பட்டரிங்னா டர்போ பம்ப், சில்லர், 13.56 மெகாஹெர்ட்ஸ் பவர் சப்ளை, ஆர்கான் சிலிண்டர். சோல்-ஜெல்னா பீக்கர், ஸ்டிரர், டிப் கோட்டர் (கண்ணாடியை முக்கி இழுக்குற கருவி), ஒரு ஃபர்னஸ். அதோட விட்டுடலாம்.

ஸ்பட்டரிங்ல படலம் இறுக்கமா, சீரா உக்காரும், டேப் ஒட்டி இழுத்தாலும் லேசுல பேராது, அதுல சந்தேகமே இல்ல. ஆனா சூடாக்காத கண்ணாடில போட்டா பெரும்பாலும் அமார்ஃபஸாத்தான் (அணுக்கள் ஒழுங்கா அடுக்காம) வருது, அழுக்கை நல்லா சிதைக்கிற படிக வடிவமான அனடேஸ் வேணும்னா கண்ணாடியை உள்ளயே சூடாக்கணும் இல்லன்னா வெளிய எடுத்து ஃபர்னஸ்ல வைக்கணும், அப்போ ஃபர்னஸ் வேலை அங்கயும் மிச்சமாகல.

என்னை முடிவெடுக்க வெச்சது வேற விஷயம், கலவையை மாத்துறது. அனடேஸோட பேண்ட் கேப் (எலக்ட்ரானைக் கிளப்பத் தேவையான குறைஞ்சபட்ச ஆற்றல்) 3.2 எலக்ட்ரான் வோல்ட், அதாவது 388 நானோமீட்டருக்குக் கீழ இருக்குற புறஊதா ஒளியைத்தான் அது எடுத்துக்கும், சூரிய ஒளில அது 5 சதவீதம் போலத்தான் இருக்கு. அதனாலதான் இரும்பு, நைட்ரஜன்னு எதையாவது டோப் பண்ணி (கொஞ்சமா கலந்து) கண்ணுக்குத் தெரியற ஒளியையும் பிடிக்கப் பாக்குறோம். இரும்பு 0.5, 1, 2, 3 சதவீதம்னு ஒரு வரிசை வேணும்னா சோல்-ஜெல்ல ஃபெர்ரிக் நைட்ரேட்டை எடை போட்டு கரைசல்ல சேர்த்தா போதும், வரிசை முழுக்க ஒரே நாள்ல தயார். ஸ்பட்டரிங்ல ஒவ்வொரு கலவைக்கும் ஒரு டார்கெட் வேணும், பொடியை அழுத்தி சின்டர் பண்ணணும் (சூட்டுல இறுக வைக்கணும்) இல்லன்னா ஆர்டர் போட்டுட்டு காத்திருக்கணும், வந்த செராமிக் டார்கெட்டும் பவரை சட்டுனு ஏத்தினா விரிசல் விட்டுடும். டார்கெட் மேல இரும்புத் துண்டு வெச்சு போடுற வழி ஒண்ணு இருக்கு, ஆனா ஒவ்வொரு தனிமமும் ஒவ்வொரு வேகத்துல பேர்றதால வெச்ச அளவும் படலத்துல வந்த அளவும் ஒண்ணா இருக்காது, ஒவ்வொரு தடவையும் ஈடிஎக்ஸ் (எந்தத் தனிமம் எவ்வளவுன்னு காட்டுற சோதனை) எடுக்கணும். ரெண்டு கன் (டார்கெட் மாட்டுற இடம்) இருக்குற மெஷின் உங்க கைல இருந்தா இந்தக் குறை பாதி தீந்துடும், அதையும் சொல்லிடணும்.

சோல்-ஜெல்லுக்கு எதிரி ஈரப்பதம். கரைசலுக்கு மூலமான டைட்டானியம் ஐசோப்ரொபாக்சைடு பாட்டிலை மழை நாள்ல திறந்தா வாய் ஓரத்துலயே வெள்ளையா படிய ஆரம்பிச்சிடும், எத்தனால்ல நேரா தண்ணி விட்டா பால் மாதிரி திரிஞ்சிடும். அசிட்டைல் அசிட்டோன் முன்னாடியே சேர்த்தா கரைசல் மஞ்சளா மாறும், அந்த மஞ்சள் வந்தப்புறம் தண்ணியைச் சொட்டுச் சொட்டா விடுங்க, தெளிவாவே நிக்கும். கண்ணாடியை வெளிய இழுக்குற வேகத்தை இரட்டிப்பாக்கினா தடிமன் இரட்டிப்பாகாது, 1.6 மடங்குதான் ஏறும். ஒரே இழுப்புல தடிமனா போட ஆசைப்பட்டா காயும்போது வெடிச்சிடும், அதனால மெல்லிசா போட்டு சுட்டு, அது மேல அடுத்தது. இன்னொண்ணு, சாதா சோடா கண்ணாடில 450 டிகிரிக்கு மேல போனா சோடியம் கிளம்பி படலத்துக்குள்ள ஏறி வேலைத்திறனைக் கெடுக்கும், அடில ஒரு சிலிக்கா அடுக்கு போட்டுடறது நல்லது.

இரும்பு உண்மையிலயே லாட்டிஸுக்குள்ள (படிக அடுக்குக்குள்ள) போச்சா, ஓரமா தனி ஆக்சைடா ஒதுங்கிச்சான்னு எக்ஸ்ஆர்டி (எக்ஸ்ரே சிதறலை வெச்சு படிக வடிவம் பாக்குற சோதனை) மட்டும் பாத்து சொல்லிட முடியாது. 25.3 டிகிரில அனடேஸ் பீக் அழகா நிக்கும், கொஞ்சமா இருக்குற இரும்பு ஆக்சைடு அதுல தெரியவே தெரியாது. எக்ஸ்பிஎஸ் (மேற்பரப்புல தனிமம் எந்த வேதி நிலைல இருக்குன்னு காட்டுறது) எடுங்க, ராமன்ல (லேசர் ஒளிச் சிதறல் சோதனை) 144 cm⁻¹ல வர்ற பீக் நகருதா அகலமாகுதான்னும் பாருங்க. இந்தச் சோதனை ரெண்டு முறைக்கும் பொதுதான்.

பிளாஸ்டிக் மேல போடணும்னா, இல்ல வெள்ளி மாதிரி உலோக அடுக்கு வேணும்னா ஸ்பட்டரிங்தான் போகணும், பிளாஸ்டிக் 450 டிகிரி தாங்காது. நான் பாத்ததெல்லாம் சின்ன ஸ்லைடுகள்லதான், வருஷக்கணக்கா வெயில் மழைல நிக்கிற ஜன்னலுக்கு இதே தீர்ப்பைச் சொல்ல மாட்டேன். எந்தக் கலவை வேலை செய்யுதுன்னு சோல்-ஜெல்ல கண்டுபிடிச்சுட்டு, அந்த ஒண்ணுக்கு மட்டும் டார்கெட் செஞ்சு பொது வசதில ஒரு செட் ஸ்பட்டர் பண்ணி, ரெண்டையும் ஒரே செறிவுள்ள மெத்திலீன் ப்ளூ சாயக் கரைசல்ல தனித்தனியா போட்டு, 664 நானோமீட்டர்ல ஒளி உறிஞ்சல் எதுல சீக்கிரம் இறங்குதுன்னு பாருங்க.